ஒரு செவிலியின் சான்று

இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரை அடுத்து, அசியாகோ என்னும் மேட்டுநிலம் ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். எங்கு நோக்கினும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. அக்காட்டின் நடுவே, கிரனெட்சா என்னும் இடத்தில், ஆங்கிலப் போர்வீரர்களின் சிறிய இடுகாடு ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் மடிந்தவர்கள் அங்கே உறங்குகிறார்கள். அவர்களுள் ஒருவர் காப்டன் எட்வர்டு பிரிட்டன். 1918-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15-ஆம் நாள் ஆஸ்திரியப் படையை எதிர்த்து நின்றபோது குண்டு பாய்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 22.

அவர் இறந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அந்தக் கல்லறையைத் தேடி முதியவர் ஒருவரும் அவருடைய மகளும் இங்கிலாந்திலிருந்து வந்தனர். மகள் பிறந்ததே எட்வர்டு இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். கண்ணால் காணாத ஒருவருடைய கல்லறைக்கு அவர் ஏன் வரவேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன், மாணவ நண்பர்களே. விடை சற்று நீண்டது. அது ஒரு செவிலியின் கதை.

போர்க்களத்துச் செவிலியர் என்றவுடனே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயர் நம் நாவில் வரும். 1854-ஆம் ஆண்டில் 38 பெண்களுடன் கிரிமியப் போரின் மருத்துவமனைக்குப் புறப்பட்டு, செவிலித் தொழிலையே மாற்றி அமைத்த தலைவி அவர். நான் சொல்லப்போவது அத்தகைய தலைவியைப் பற்றி அன்று. முறையான பயிற்சி பெறாமல், துணைச் செவிலியாக வேலைக்குச் சேர்ந்து, தரை துடைத்து, படுக்கை விரித்து, புண் கழுவிய ஒரு கல்லூரி மாணவியைப் பற்றி. அவர் பெயர் வீரா பிரிட்டன். பிரிட்டன் என்பது இங்கே நாட்டின் பெயர் அன்று, குடும்பப் பெயர். 'வீரா' என்ற ஒலியைக் கேட்டதும் நமக்கு வீரம் என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. இலத்தீன் மொழியில் அதன் பொருள் 'உண்மை' என்பதாகும்.

வீரா 1893-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தவர். தந்தையார் காகித ஆலை உரிமையாளர். பக்ஸ்டன் என்னும் மலையூரில், வசதி நிறைந்த வீட்டில் வளர்ந்தார். அந்நாளில் அத்தகைய வீடுகளில் மகனைக் கல்லூரிக்கு அனுப்புவது இயல்பு. மகளுக்கு நல்ல மணமகனைத் தேடுவது இயல்பு. வீரா பிடிவாதமாகப் போராடி, தனியே படித்து, ஆக்ஸ்போர்டில் சாமர்வில் கல்லூரியின் உதவித்தொகையைத் தேர்வெழுதிப் பெற்றார். தம்பி எட்வர்டு அவருக்குத் துணை நின்றார். எட்வர்டோடு பள்ளியில் படித்த நண்பர்கள் இருவர். ஒருவர் விக்டர் ரிச்சர்ட்சன்; மற்றவர் ரோலண்ட் லேட்டன். ரோலண்ட் பள்ளியிலே பரிசுகளை வாரிக் குவித்தவர், கவிதை எழுதுபவர். வீராவின் அறிவை மதித்துப் பேசிய முதல் இளைஞரும் அவரே என்று தோன்றுகிறது. இருவரும் ஆக்ஸ்போர்டில் ஒன்றாகப் படிக்கப்போவதாகக் கனவு கண்டனர். அந்தக் கனவு கண்டது 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். ஆகஸ்டு 4-ஆம் நாள் இங்கிலாந்து போரில் இறங்கியது.

ரோலண்ட் படையில் சேர்ந்தார். வீரா மட்டும் அக்டோபரில் கல்லூரிக்குச் சென்றார். 1915 வசந்தத்தில் பெல்ஜியத்துக் காடு ஒன்றிலிருந்து ரோலண்ட் எழுதிய கடிதத்தோடு சில ஊதாப்பூக்கள் வந்தன. பதுங்குகுழியின் மேற்புறத்தில் பூத்தவை. அதே காட்டில், அத்தகைய பூக்களின் இடையே, இறந்த வீரன் ஒருவனின் உடலை ரோலண்ட் கண்டிருந்தார். அதை அவர் அப்போது எழுதவில்லை. நாட்கள் சென்ற பின்னரே அவருடைய கவிதை ஒன்றின் மூலம் வீராவுக்குத் தெரிந்தது. தனக்குப் பூ வந்ததையும், பூவின் அருகே கிடந்ததை மறைத்து அனுப்பியதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அக்காலத்துக் காதலின் தன்மை முழுவதும் அதிலே இருக்கிறது.

நூலகத்தில் உட்கார்ந்து இலக்கியம் படிப்பது வீராவுக்கு இயலாததாயிற்று. அவருடைய கல்லூரிக் கட்டடமும் 1915-ஆம் ஆண்டில் படை மருத்துவமனையாக மாறியது. மாணவியர் வேறு கல்லூரிக்கு இடம் பெயர்ந்தனர். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் வீரா சொந்த ஊரான பக்ஸ்டன் மருத்துவமனையில் துணைச் செவிலியாகச் சேர்ந்தார். 'வி.ஏ.டி.' என்று மூன்று எழுத்துக்களால் வழங்கப்பெற்ற தொண்டர் உதவிப் படையினர் இத்தகையோர். அது 1909-ஆம் ஆண்டிலே தோன்றிய அமைப்பு. இதில் சேர்ந்தோர் பெரும்பாலும் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள். வீட்டில் வேலையாட்கள் செய்ததை இங்கே தம் கையால் செய்தார்கள். ஆண்டுக் கணக்கில் பயின்று தொழிலுக்கு வந்த செவிலியர் இவர்களை ஐயக்கண்ணோடு பார்த்தனர். அதில் தவறும் இல்லை. கையில் அனுபவமில்லாத ஆர்வம் நோயாளிக்குத் தீங்கு செய்யவும் கூடும் அன்றோ?

ஆனால் வீரா கற்றுக்கொண்டார். இளம்பெண்கள் அயலான் ஒருவனோடு தனியே நடந்து செல்வதும் குற்றமாகக் கருதப்பட்ட சமூகத்தில் வளர்ந்தவர், முன்பின் அறியாத வீரர்களின் உடலைக் கழுவித் துடைத்தார். அருவருப்புத் தோன்றவில்லையா என்றால், தோன்றவில்லை என்றே எழுதுகிறார். ரோலண்டுக்குத் தம்மால் செய்ய இயலாத பணியை, ரோலண்டைப் போன்ற ஒருவருக்குச் செய்வதாகவே அவர் கருதினார். எங்கேயோ ஓரிடத்தில் ரோலண்ட் காயமுற்று வீழ்ந்தால், அங்கே வேறு ஒரு பெண் இதையே அவருக்குச் செய்வாள் என்று எண்ணினார். ஒருவர்மீது கொண்ட காதல் பலர்மீதும் படரத் தொடங்கியது இங்கேதான். தொடக்கத்தில் இது வெறும் பண்டமாற்று: 'என் அன்பனை நீ காப்பாற்று, உன் அன்பனை நான் காப்பாற்றுகிறேன்' என்பதுபோல. இது பிறகு என்னவாயிற்று என்பதே நான் சொல்லவந்த செய்தி.

1915 இறுதியில் வீரா லண்டனின் காம்பர்வெல் பகுதியில் இருந்த முதலாம் லண்டன் பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரோலண்ட் வருவதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டு மாதத்திலேயே இருவரும் மணம் புரிவதென உறுதி செய்திருந்தார்கள். வீரா விடுப்புப் பெற்று, பிரைட்டன் கடற்கரை நகரில் ஒரு விடுதியில் தம் பெற்றோருடன் காத்திருந்தார். கிறிஸ்துமஸ் நாள் கழிந்தது. மறுநாள் காலை தொலைபேசி அழைப்பு வந்தது. ரோலண்டின் குரலைக் கேட்கப்போகிறோம் என்று மகிழ்ச்சியோடு ஓடினார். பேசியவர் ரோலண்டின் தங்கை. டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, நிலவொளியில், முள்வேலியைச் சரிபார்க்கச் சென்ற ரோலண்ட் சுடப்பட்டார்; மறுநாள் இறந்துவிட்டார். வயது 20. வீரா ஒவ்வொரு மணியாக எண்ணிக் காத்திருந்தபோதே அவர் இறந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

ஜனவரியில் ரோலண்டின் உடைமைகள் பெட்டியில் வந்து சேர்ந்தன. வீரா அப்போது அந்த வீட்டிலே இருந்தார். குண்டு துளைத்த சட்டை, இரத்தக்கறை, எல்லாவற்றின்மீதும் பிரெஞ்சு மண்ணின் சேறு. அந்தச் சேற்றின் நாற்றம் தாயாரால் தாங்க இயலவில்லை. கண்முன்னிருந்து அகற்றிவிடுங்கள் என்றார். தாய் அதில் மகனின் சாவைக் கண்டார். செவிலியான வீரா இன்னொன்றையும் அறிவார். அந்தப் போர்க்களம் பல நூற்றாண்டுகளாக எருவிட்டு உழுத வயல். அம்மண்ணில் வாழும் நுண்கிருமிகள் புண்ணின் ஆழத்தில் புகுந்துவிட்டால், காற்றுப் புகாத அவ்விடத்தில் பெருகித் தசையை அழுகச் செய்யும். பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு, அழுகிய பகுதியை வெட்டி எறிவது, கிருமிநாசினி நீரால் ஓயாது கழுவுவது, மருந்திட்டுக் கட்டுவது, மீண்டும் அவிழ்ப்பது ஆகியவையே வழி. கட்டை அவிழ்க்கும்போது நோயாளி அலறுவான். அவன் கையைப் பிடித்துக்கொள்வதும் துணைச் செவிலியின் வேலை.

இதற்குப் பிறகு வீரா உயர்ந்த உள்ளத்தோடு பணியைத் தொடர்ந்தார் என்று சொன்னால் அது பொய்யாகும். அவர் பணியை வெறுத்தார். நோயாளிகளின் சிரிப்பைக் கண்டாலும் எரிச்சல் அடைந்தார். ரோலண்ட் இறந்தார், இவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்று மனம் கேட்டது. வேலையை விட்டுவிடவும் முடிவு செய்தார். பின்னர் மனம் மாறித் தங்கினார். இவற்றையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வைத்திருப்பதால்தான் அவர்மீது எனக்குப் பெருமதிப்பு. துன்பம் மனிதரை உடனே பண்படுத்திவிடும் என்று கதைகளில் படிக்கிறோம். வாழ்க்கையில் அது முதலில் கசக்கத்தான் செய்கிறது.

1916 ஜூலை முதல் நாள் பிரான்சில் சோம் நதிக்கரையில் பெருந்தாக்குதல் தொடங்கியது. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். காயமுற்றோர் அலை அலையாக லண்டன் வந்தனர். ஜூலை 5-ஆம் நாள், வீரா பணியாற்றிய மருத்துவமனைக்கே வந்திருந்த காயமுற்றோருள் எட்வர்டும் இருந்தார்! இலட்சக்கணக்கானவர் போரிட்ட களத்திலிருந்து, லண்டனின் எத்தனையோ மருத்துவமனைகளுள், தமக்கை இருக்கும் இடத்திற்கே தம்பி வந்து சேர்ந்தார். கதையில் எழுதினால் நம்பமாட்டோம். கையிலும் தொடையிலும் காயம். தாம் காயமுற்ற பின்னும் வீரர்களை முன்னடத்த முயன்றதற்காக எட்வர்டுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வீரா 'பிரிட்டானிக்' என்னும் பெரிய மருத்துவக் கப்பலில் மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டு, மால்ட்டாத் தீவை அடைந்தார். அந்தக் கப்பல் நவம்பரில் மூழ்கிப்போயிற்று. மால்ட்டாவில் இருந்தபோது 1917 வசந்தத்தில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. விக்டர் கண்களை இழந்துவிட்டார் என்பது ஒன்று. எட்வர்டின் படைத் தோழரும் வீராவின் நண்பருமான ஜெப்ரி தர்லோ கொல்லப்பட்டார் என்பது மற்றொன்று. பார்வையிழந்த விக்டரை மணந்து அவருக்குக் கண்ணாக இருப்பது என்ற முடிவோடு வீரா இங்கிலாந்து திரும்பினார். ஜூன் 9-ஆம் நாள் விக்டரும் இறந்தார். எஞ்சியவர் எட்வர்டு ஒருவரே.

தம்பிக்கு அருகில் இருக்க விரும்பி வீரா பிரான்சு செல்ல விண்ணப்பித்தார். ஆகஸ்டு மாதம் எத்தாப்பிள் என்னும் கடலோர ஊரில் இருந்த 24-ஆம் பொது மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குத் தரப்பட்ட முதல் பணி எது தெரியுமா? போர்க்கைதிகளாகப் பிடிபட்ட ஜெர்மானியர்களின் பிரிவில்! ரோலண்டைச் சுட்டவர்களும், விக்டரின் கண்ணைப் பறித்தவர்களும், ஜெப்ரியைக் கொன்றவர்களும் எந்தப் படையினரோ, அந்தப் படையினரின் புண்களைக் கழுவவேண்டும்.

நண்பர்களே, நான் முன்பு சொன்ன பண்டமாற்று இந்த இடத்தில் முறிகிறது. 'என் அன்பனைப் போன்ற ஒருவன்' என்று எண்ணி அன்பு செலுத்துவது எளிது. இப்போது படுக்கையில் கிடப்பவன் அன்பனைக் கொன்றவனைப் போன்ற ஒருவன். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் மிகக் கொடிய காயமுற்றவர்கள், பலர் மடிந்துகொண்டிருந்தார்கள். சிந்திக்க நேரமில்லை. இரத்தக் கசிவை நிறுத்தவேண்டும். தாகத்திற்கு நீர் தரவேண்டும். சாகிறவன் கேட்கும் கடைசிச் சொல்லைப் புரிந்துகொள்ளவேண்டும். வீரா பள்ளியில் கற்ற சிறிதளவு ஜெர்மன் மொழியைக் கொண்டு ஏதோ பேசினார். ஒரு நாள், இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காகத் தூக்குக்கட்டிலில் கிடத்தப்பட்டிருந்த பிரஷ்ய அதிகாரி ஒருவர், எலும்பும் தோலுமான கையை நீட்டி, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். வீரா ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். சில நாட்களுக்கு முன்னர்தான் அதே மனிதரைக் கொல்ல எட்வர்டு தம்மால் இயன்ற அளவு முயன்றிருக்கக்கூடும். இங்கே தாம் அவரை உயிர்பிழைக்க வைத்து நட்போடு கை குலுக்குகிறோம். இது என்ன விந்தை என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

அந்த ஒரு கணத் தயக்கத்தை அவர் எழுத மறக்கவில்லை. தயங்காமல் கை நீட்டினேன் என்று எழுதியிருந்தால் நாம் வியந்திருப்போம், ஆனால் நம்பியிருக்கமாட்டோம்.

அந்தப் பிரிவில் அவர் இருந்தது சில வாரங்களே. பிறகு ஆங்கில வீரர்களின் பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார். 1917 ஜூலையில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட கடுகுப் புகை என்னும் நச்சுப்பொருளால் உடல் முழுவதும் கொப்புளித்து, கண் ஒட்டிக்கொண்டு, மூச்சுக்குத் திணறிய வீரர்களை அங்கே கண்டார். புனிதப் போர் என்று மேடையேறி முழங்குவோர் இந்தப் படுக்கைகளின் அருகே வந்து நிற்கட்டும் என்று தாயாருக்கு மனம் கொதித்து எழுதினார்.

1918 ஏப்ரலில் தாயாரின் உடல்நலம் குன்றியதால் வீரா ஊர் திரும்ப நேர்ந்தது. போர்முனையில் ஆட்கள் தேவைப்பட்ட நேரத்தில் மகளை வீட்டுக்கு அழைத்த தந்தையார்மீது அவருக்கு ஏற்பட்ட கசப்பு சிறிதன்று. அங்கே இருந்தபோதுதான், ஜூன் 22-ஆம் நாள், எட்வர்டு இறந்ததாகத் தந்தி வந்தது.

அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிய வீராவுக்கு வயது 25. உடன் படித்தவர்கள் போரை மறக்க விரும்பிய இளையோர். அவரிடம் போர்க்கதை கேட்க அங்கு யாரும் ஆயத்தமாக இல்லை. இலக்கியத்தை விட்டு வரலாற்றைப் பாடமாக எடுத்துக்கொண்டார். இப்பேரழிவு எப்படி வந்தது என்பதை அறியவேண்டும் என்பதே காரணம். வினிபிரெட் ஹோல்ட்பி என்னும் தோழி அங்கே கிடைத்தார். அவரோடு 1921-ஆம் ஆண்டில் அசியாகோ சென்று தம்பியின் கல்லறையைக் கண்டார். பிரான்சில் லூவென்கூர் என்னும் சிற்றூரில் ரோலண்டின் கல்லறையையும் கண்டார்.

1925-ஆம் ஆண்டு ஜார்ஜ் காட்லின் என்னும் அரசியல் அறிஞரை மணந்தார். நான் தொடக்கத்தில் சொன்ன முதியவர் இவரே. 1927-ல் பிறந்த மகனுக்கு ஜான் எட்வர்டு என்று பெயரிட்டனர். 1930-ல் ஷெர்லி என்னும் மகள் பிறந்தார். மனைவி, தாய், எழுத்தாளர் என்ற நிலையில் வாழ்க்கை நிறைந்துவிட்டது என்று பிறர் எண்ணியிருப்பர். ஆனால் எழுதாத நூல் ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நாவலாக எழுத முயன்றார், அது அமையவில்லை. பெயர்களை மாற்றாமல், நாட்குறிப்புக்களையும் கடிதங்களையும் முன்வைத்து, நடந்ததை நடந்தபடியே எழுதத் துணிந்தார். 1933 ஆகஸ்டில் 'இளமையின் சான்று' என்று நாம் பெயர் சொல்லத்தக்க அந்த நூல் வெளிவந்தது. போரைப் பற்றி ஆண்கள் எழுதிய நூல்கள் ஏற்கெனவே பல உண்டு. காத்திருந்த பெண்ணின் போரை, புண் கழுவிய பெண்ணின் போரை இவ்வளவு விரிவாகச் சொன்ன நூல் அதற்குமுன் இல்லை என்றே சொல்லலாம்.

இங்கே சற்று நின்று, நூலாசிரியரின் பக்கம் நில்லாமல், கணவரின் பக்கம் நின்று பார்ப்போம். எட்டு ஆண்டுகளாக இல்வாழ்க்கை நடத்தும் மனைவி, இறந்துபோன காதலரைப் பற்றி உலகறிய எழுதுகிறார். அதைக் கணவர் எப்படித் தாங்குவது? காட்லின் தடுக்கவில்லை. ஆனால் தம்மைப் பற்றிய பகுதிகளைக் குறைக்கச் சொன்னார். நூலின் முடிவில் அவர் 'ஜி' என்ற ஓர் எழுத்தாகவே வருகிறார். இறந்தவர்கள் முழுப் பெயரோடு நடமாடும் நூலில், உயிரோடிருக்கும் கணவருக்கு ஓர் எழுத்துதான். இறந்தோர்பால் வைத்த அன்பு உயிரோடிருப்போரின் பங்கைக் குறைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். வீராவின் நூலை முதன்முதல் படித்தபோது நானும் கேட்டேன். அதற்கு எளிய விடை இல்லை. மகள் ஷெர்லியே பிற்காலத்தில், 1978-ல் வந்த மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தம் தாயாரால் மனம்விட்டுச் சிரிக்க இயலாமற் போனதைக் குறிப்பிடுகிறார். வரிசை வரிசையாக நட்ட மரச் சிலுவைகள் அவர் மனத்தின் பின்புறத்தில் என்றும் இருந்தன என்கிறார். ஒரு குழந்தை அந்தச் சிலுவைகளின் நிழலில் வளர்ந்திருக்கிறது. அதையும் நாம் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் நிழல் மட்டும் இருந்ததாகச் சொல்வது நியாயமன்று. எத்தாப்பிளில் ஒரு கணத் தயக்கத்திற்குப் பின் பற்றிய கையை வீரா பிறகு விடவே இல்லை. 1937-ல் போரை மறுப்போரின் அமைதி உறுதிமொழிச் சங்கத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. இம்முறை எதிரி ஹிட்லர். போரை மறுப்பது தேசத்துரோகம் என்று பலர் கருதினார்கள். ஹிட்லரை எதிர்க்கப் போரன்றி வேறு வழி இருந்ததா என்பதில் நான் அம்மையாரோடு உடன்படுவதற்கில்லை. ஆனால் அவர் செய்தவற்றைப் பாருங்கள். ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளில் பட்டினி கிடந்த குழந்தைகளுக்கு உணவு அனுப்பவேண்டும் என்று இயக்கம் நடத்தினார். ஜெர்மன் நகரங்களின்மீது கண்மூடித்தனமாகக் குண்டு பொழிவதைக் கண்டித்து 1944-ல் நூல் எழுதினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர்மீது வசைமாரி பொழிந்தது. ஹிட்லருக்கு உதவுகிறார் என்றார்கள். போர் முடிந்தபின், 1945-ல், இங்கிலாந்தைக் கைப்பற்றினால் கைது செய்யவேண்டியவர்கள் என நாஜிகள் தயாரித்து வைத்திருந்த பட்டியல் வெளியாயிற்று. அதில் வீரா பிரிட்டனின் பெயரும் இருந்தது!

அந்தப் போரில் அவர் கொடுத்த விலை வேறு. 1940-ல் குழந்தைகள் இருவரையும் பாதுகாப்புக் கருதி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அப்போது ஷெர்லிக்குப் பத்து வயது நிரம்பவில்லை. தாமும் சென்று அவர்களைக் காணலாம் என்று நம்பியிருந்தார். போர் எதிர்ப்பாளர் என்பதால் நாட்டைவிட்டு வெளியேற அரசாங்கம் அனுமதி மறுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்தே பிள்ளைகள் திரும்பினர். காதலரையும் தம்பியையும் போருக்குக் கொடுத்தவர், குழந்தைகளின் மூன்று ஆண்டு வளர்ச்சியையும் கண்ணால் காணாது இழந்தார்.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1949 டிசம்பரில் உலக அமைதியாளர் மாநாடு சாந்திநிகேதனத்திலும் சேவாகிராமத்திலும் கூடியது. காந்தியடிகள் உயிரோடிருந்தால் அவரும் கலந்துகொண்டிருப்பார். அடிகள் 1948 ஜனவரியிலே மறைந்துவிட்டதால், அவரில்லாத அவருடைய குடிலின் அருகே பல நாட்டு விருந்தினர் அமர்ந்து பேசினார்கள். வீரா அம்மையார் அவர்களுள் ஒருவராக வந்திருந்தார். ஊர் திரும்பி இந்தியப் பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

மகள் ஷெர்லி வில்லியம்ஸ் அரசியலில் புகுந்தார். 1964-ல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1976 முதல் 1979 வரை பிரிட்டனின் கல்வி அமைச்சராக விளங்கினார். தாயின் கொள்கையை அவர் அப்படியே பின்பற்றவில்லை. பின்பற்ற வேண்டும் என்று தாய் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டில், எழுபத்தாறு வயதைக் கடந்த நிலையில், அணு ஆயுதங்கள் பரவாமல் தடுப்பது குறித்துப் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஆலோசகராகப் பொறுப்பேற்றார். 2021 ஏப்ரலில் மறைந்தார். இதற்கிடையே தாயின் நூல் 1979-ல் தொலைக்காட்சித் தொடராகவும், 2014-ல் திரைப்படமாகவும் வந்தது. ரோலண்டைப் போல இருபது வயதே நிரம்பிய இளைஞர்கள் அதைப் பார்த்தார்கள்.

வீரா அம்மையார் 1970 மார்ச் 29-ஆம் நாள் தம் எழுபத்தாறாம் வயதில் காலமானார். தம் உடலை எரித்த சாம்பலைத் தம்பியின் கல்லறைமீது தூவவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தம் உள்ளத்தின் பெரும்பகுதி அந்த மலைநாட்டு இடுகாட்டிலேதான் இருந்தது என்பது அவர் தந்த காரணம். ஐம்பது ஆண்டுகள் என்றால், திருமண வாழ்க்கையின் நாற்பத்தைந்து ஆண்டுகளும் அதில் அடங்கும். காட்லின் இதைப் படித்தபோது என்ன நினைத்தார் என்று யாருக்குத் தெரியும்? அவர் செய்ததை மட்டும் அறிவோம். கோடைக்காலம் முடியும் வரை காத்திருந்து, மகளை உடன் அழைத்துக்கொண்டு, அந்த மேட்டுநிலத்திற்கு ஏறிச் சென்றார். நூலில் ஓர் எழுத்தாக நின்ற அந்த மனிதரும், எட்வர்டைக் கண்டறியாத மகளும், ஊசியிலைக் காட்டின் நடுவே, எட்வர்டின் பெயர் பொறித்த கல்லின் அருகே சாம்பலைத் தூவிவிட்டுத் திரும்பினர்.